தோட்டக்காரருக்கு ஒரு பேணி சூப்

பூசினிக்காயை அருள்மலர் அக்கா கத்தியால் வெட்டுவதில்லை. இரண்டு கைகளாலும் நெஞ்சளவுக்குத் தூக்கி, குசினிக்குப் பின்னாலுள்ள சிமெந்துத் தரையில் போடுகிறார். ‘தொம்’ என்று ஒரு சத்தம். காய் மூன்றாகவோ நான்காகவோ பிளந்து கிடக்கும். குந்தியிருந்து விதைகளை விரலால் வழித்துப் பழைய பத்திரிகையில் பரப்புவார். பிறகு துண்டுகளைச் சேலை மடியில் ஏந்திக்கொண்டு உள்ளே போவார்.

“கத்தியோட மல்லுக்கட்டினால் என்ர விரல்தான் போகும், தம்பி. நிலத்திட்டைக் குடுத்தால் அது ஞாயமாப் பிரிச்சுத் தரும்.”

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மரவேலி ஒன்றுதான். அந்தச் சத்தம் கேட்டால் ஒக்டோபர் வந்துவிட்டது என்று என் மனைவி அலுமாரியிலிருந்து கம்பளிகளை எடுக்கத் தொடங்குவாள். அரை மணித்தியாலத்தில் வேலிக்கு மேலால் ஒரு கோப்பை சூப் வரும்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மெலிந்து உயர்ந்த உருவம். சேலைக்கு மேலே தன் தம்பியின் பழைய ஸ்வெற்றர், காலில் இரண்டு சோடிக் காலுறை, அதற்கு மேலே ரப்பர்ச் செருப்பு. ருசி பார்க்கும்போது கரண்டியை வாயில் வைக்கமாட்டார். இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு உறிஞ்சிப் பார்ப்பார். அவர் அமர்ந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஒக்டோபர் கடைசியில் நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும்போது, அவருடைய குசினி மணிக்கூடு மட்டும் ஒரு கிழமைக்குப் பழைய நேரத்திலேயே ஓடும்.

“அவங்கள் மணியை மாத்தட்டும். பசிக்கிற வயித்தை ஆர் மாத்திறது?”

தென் இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரின் பெயர் மிச்சம்; அது அவருக்கு இன்றும் சிரிப்பு. பானையின் அடியில் ஒரு கரண்டி கிடந்தாலும், “மிச்சத்தில இருந்துகொண்டு மிச்சம் வைக்கலாமோ?” என்று யார் கோப்பையிலாவது ஊற்றிவிடுவார்.

எண்பத்து நான்காம் ஆண்டு, ஊரில் தாயார் இறந்து தனித்துப் போனபோது, தம்பி ஆனந்தராஜா அவரை இங்கே கூப்பிட்டார். கூப்பிட்டதில் அன்பும் இருந்தது, தேவையும் இருந்தது. ஆனந்தராஜாவும் மனைவி சந்திரவதனாவும் காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறவர்கள். வீட்டில் எட்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அக்கா வந்த மறுநாளே பிள்ளைகள் அவர் கையில் வந்துவிட்டார்கள். அவருக்கு ஏன் கலியாணம் ஆகவில்லை என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். “பேச்சுக்கால் வந்தது. ஒண்டு சரிவரேல்லை, மற்றது அம்மா படுத்த நேரம் வந்தது. பிறகு ஒருத்தரும் வரேல்லை” என்றார். பஸ் தவறிப்போனதைச் சொல்கிறவரின் குரல்தான் அது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவர், அந்தப் பள்ளிக்கூடத்துக் குசினியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தலைமைச் சமையல்காரி மோரீன் என்ற ஐரிஷ் பெண்மணி. முதல் ஒக்டோபரில், விறைத்த கையால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அக்காவுக்கு மோரீன் ஒரு குவளை லீக்ஸ் சூப் கொடுத்தாளாம்.

“சூப் எண்டால் எங்கட பக்கம் வருத்தக்காரருக்குக் குடுக்கிறது. இஞ்ச சுகமா நடந்து திரியிற சனமும் குடிக்குது எண்டு பாக்க எனக்குப் பாவமாக் கிடந்தது. குடிச்சுப் பாத்தன். இந்த மனுசி கஞ்சியைக் காய்ச்சிப்போட்டு வேற பேர் சொல்லுது எண்டு விளங்கிச்சு.”

விளங்கிய பிறகு அக்கா நிற்கவில்லை. பூசினித் துண்டுகளைத் தோலோடு, உள்ளிப் பற்களோடு சேர்த்து அவணில் வாட்டி, தோலை உரித்து மசித்துக் கொதிக்கவிட்டு, வறுத்து இடித்த மிளகும் சீரகமும் போட்டு, அடுப்பை அணைத்த பிறகே அரைக் கோப்பைத் தேங்காய்ப்பால் விடுவார். சமைக்க மட்டுமே உதவும் புளிப்பு அப்பிள் இங்கே இலையுதிர் காலத்தில் மரங்களின் கீழே கேட்பாரற்றுக் கிடக்கும். அதைப் பழப்புளிக்குப் பதிலாகப் பிசைந்து ரசம் வைப்பார். வெயில் போதாமல் பழுக்க மறுத்த தக்காளியில் சம்பல். பீற்றூட் சூப்பைப் பார்த்துத் தம்பியின் மகன் ரத்தம் என்று அழுததால், அதற்குள் ஒரு கரண்டி தயிரை விட்டு ரோஸ் நிறமாக்கினார். ஒன்றுக்கும் கடுகு தாளிக்க மாட்டார்.

“தாளிச்சால் அது கறி. கறி கூப்பிடும். சூப் கூப்பிடக்கூடாது, பக்கத்தில இருக்கோணும்.”

எண்பத்து ஏழாம் ஆண்டு ஒக்டோபரில் தென் இங்கிலாந்தைப் புயல் அடித்துப் போட்டது. விடிந்து பார்த்தால் தெருவில் மூன்று மரங்கள் குறுக்கே கிடந்தன. மின்சாரம் இல்லை. மின்அடுப்பு வைத்திருந்தவர்கள் தேநீருக்கும் வழியில்லாமல் வாசலில் நின்றார்கள். அக்கா வீட்டில் காஸ் அடுப்பு. கோயில் பொங்கலுக்கு எடுக்கிற பானையை அடுப்பில் ஏற்றி, வீட்டிலிருந்த லீக்ஸ், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாவற்றையும் போட்டு, முன்வாசலில் நின்று தெருவுக்கே ஊற்றினார். மூன்று வருடமாக எங்களுக்குத் தலையசைக்காத வெள்ளைக்காரக் கிழவரும் குவளையோடு வரிசையில் நின்றார்.

அந்த வரிசையின் முடிவில், ஒரு தள்ளுவண்டி நிறைய அப்பிளும் பூசினிக்காயுமாக வந்து நின்றவர் தர்மலிங்கம். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் டை, காலில் சேறு அப்பிய பூட்ஸ். மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து ஐம்பதுகளில் படிக்க வந்து, தண்ணீர் விநியோகக் கந்தோரில் வரைபடக்காரராக அமர்ந்தவர். மனைவி இறந்து ஐந்து வருடம், பிள்ளைகள் இல்லை. பொதுவெளிக்குப் பக்கத்தில் கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஒன்று வைத்திருந்தார். புயலில் அவருடைய இரண்டு அப்பிள் மரங்களும் சாய்ந்துவிட்டன.

“அம்மா, இதெல்லாம் வீணாப் போயிடும். எடுத்துக்கறீங்களா?” என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, “நீங்க பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார்.

மலேசியத் தமிழர் ‘சாப்பிட்டீர்களா’ என்பதை அப்படித்தான் கேட்பார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. காலை ஐந்து மணியிலிருந்து ஊருக்கு ஊற்றிக்கொண்டிருந்தவரை யாரும் அன்று ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அகப்பையைப் பிடித்தபடி, “இல்லை. இன்னும் ஆறேல்லை” என்றார். தர்மலிங்கம் அகப்பையை வாங்கி, அக்காவுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்ச ஆட்களுக்குத் தானே பரிமாறினார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியின் சில்லுச் சத்தம் கேட்கும். பின்வாசலால் வருவார். பூசினி, லீக்ஸ், பாஸ்னிப் கிழங்கு, கேல் இலைகள், எது அந்தக் கிழமை ஆயத்தமோ அதை இறக்கிவைப்பார். குசினிப் படியில் கவிழ்த்து வைத்த மரப்பெட்டியில் அமர்ந்து ஒரு தகரப் பேணி நிறையச் சூப் குடிப்பார். உள்ளே வரச் சொன்னால், “பூட்ஸ்ல சேறுங்க” என்பார். அக்கா உள்ளே அடுப்படியில், அவர் வெளியே படியில். நடுவில் திறந்த கதவு. இந்த இருப்பு கோடையிலும் மாரியிலும் மாறவில்லை.

பேசுவதெல்லாம் காய்கறி. அவர் பரங்கிக்காய் என்பார், அக்கா பூசினிக்காய் என்பார். ஆறு வருடத்தில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களிடம் பேசும்போது அக்கா அவர் பெயரைச் சொல்லமாட்டார். “எங்கட தோட்டக்காரர்” என்பார். சனிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பழைய ஸ்வெற்றருக்குப் பதிலாக மாம்பழ நிறத்தில் ஒரு ஸ்வெற்றர் போடுவார் என்பதைக் கவனித்தவள் என் மனைவி.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கும் எண்ணம் இல்லை. விலகிப் போகவும் கால் வரவில்லை.

“அடுத்த மாசத்தோட வேலை முடியுதுங்க. தைப்பிங்குக்கே போயிடலாம்னு இருக்கேன். அங்க அக்கா தனியா இருக்காங்க” என்றார் தர்மலிங்கம்.

“ம்” என்றது உள்ளேயிருந்து.

“வீடு பெரிசுங்க. பின்னால மண்ணு இருக்கு, எது போட்டாலும் வரும். குசினியும் நல்ல வெளிச்சம்.” குசினி என்பது அக்காவின் சொல். அவர் வாயில் அதை நான் அன்றுதான் கேட்டேன். பேணியை இரண்டு கைக்குள்ளும் உருட்டினார். “நீங்களும் வந்தா நல்லாயிருக்கும். முறையா ரிஜிஸ்டர் பண்ணிட்டுத்தான். தப்பா நெனச்சுடாதீங்க.”

பிறகு அக்காவின் குரல், பள்ளிக்கூடத்துக் குசினியில் பேசுகிற குரல் போல, வந்தது. “மூத்தவனுக்கு வாற வருசம் ஏ லெவல். சின்னவளுக்கு ஜீ.சி.எஸ்.ஈ. சோதினை.”

“ஆமாங்க. படிப்பு முக்கியம்தான்.”

தர்மலிங்கம் மீதி சூப்பைக் குடித்தார். வெளிக் குழாயில் பேணியைக் கழுவிப் படியில் கவிழ்த்து வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அக்கா பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பை எப்போதோ அணைத்திருந்தார். அகப்பை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் தர்மலிங்கம் வந்தார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருமுறை கேட்டதை இரண்டாம் முறை கேட்பது தர்மலிங்கத்துக்கு மரியாதை இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அருள்மலர் அக்காவுக்குத் துணிவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமலே ஒரு மாரிகாலத்தைக் கழித்தார்கள். மாசி மாதம் தர்மலிங்கம் விமானம் ஏறினார். அக்கா விமான நிலையத்துக்குப் போகவில்லை. அன்று வேலைநாள். நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வெளியே ஆலங்கட்டி மழை.

போகுமுன் தர்மலிங்கம் ஒரு காரியம் செய்திருந்தார். தோட்டத் துண்டைக் கவுன்சிலில் அக்காவின் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருந்தார். கடிதம் வந்தபோது அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். நான் தபால் நிலையத்தில் வேலை செய்கிறேன் என்பதால், தெருவில் வரும் ஆங்கிலக் கடிதமெல்லாம் என் பொறுப்பு.

“எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும், தம்பி? எனக்குக் காயைத்தான் தெரியும்.”

ஆனாலும் போனார். ஆறு வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் விளைந்ததைச் சமைத்தவர், அந்த மண்ணை முதல்முதலாகப் பார்த்தார். முதல் வருடப் பூசினிக்காய்கள் சாறு பிழியும் தேசிக்காயை விடக் கொஞ்சம் பெரிது. இரண்டாம் வருடம் நத்தைகள் தின்றுவிட்டன. மூன்றாம் வருடம் நிலத்தில் போட்டு உடைக்கிற அளவுக்கு வந்தன.

மாதத்துக்கு ஒரு கடிதம் தைப்பிங்கிலிருந்து வரும். வரைபடக்காரரின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் அளவெடுத்து நிற்கும். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, பக்கத்து வீட்டுப் பப்பாளி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எழுதுவார். அக்கா அடுப்படியில் நின்றபடி வாசிப்பார். பதிலுக்குச் சூப் எழுதுவார். இந்தக் கிழமை பாஸ்னிப் போட்டேன், இனிப்புக் கூடிவிட்டது, இஞ்சி போட்டுச் சரிக்கட்டினேன். வேறு ஒன்றும் இராது. ஒருநாள் கடித உறையை ஒட்டுமுன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“தம்பி, கடைசியில ‘பசியாறிட்டீங்களா’ எண்டு எழுதினால் பிழையோ? எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை. பகிடி பண்ணுறன் எண்டு நினைப்பாரோ?”

“நினைக்கமாட்டார், அக்கா.”

எழுதினாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் புரட்டாசியில் சின்னவள் லெஸ்டருக்குப் படிக்கப் போனாள். மூத்தவன் போய் இரண்டு வருடமாகிறது. அக்கா பழைய பழக்கத்தில் அதே பெரிய சட்டியில் சூப் வைத்தார். செவ்வாய்க்கிழமை வரை அது குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது. மிச்சத்தில் முதல்முறையாக மிச்சம்.

அந்தக் கிழமைதான் அந்தக் கடிதம் வந்தது. தர்மலிங்கத்தின் அக்கா காலமாகிவிட்டார். அதை இரண்டே வரியில் எழுதியிருந்தார். பிறகு, கொல்லையில் பரங்கி போட்டேன், கூரை வரை ஏறிவிட்டது என்று எழுதியிருந்தார். “உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னபடியே சூப் வைத்துப் பார்த்தேன். நான்கு முறை வைத்துவிட்டேன். தண்ணீராகத்தான் வருகிறது. எங்கே பிழை என்று தெரியவில்லை.”

அக்கா இதை எனக்கு வாசித்துக் காட்டியபோது முதலில் சிரித்தார். “வாட்டாமல் பச்சையா அவிக்கிறார் போல. வாட்டச் சொல்லி எழுதினனான்தானே?” என்று கோபித்தார். பிறகு கடிதத்தை மடித்தார். மடித்ததை விரித்தார். ஸ்வெற்றர்க் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாலு தரம் வைச்சிருக்கிறார், தம்பி. தனியா இருந்து நாலு தரம்” என்றார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம். கடைக்கு அரை நாள் பூட்டு. சூப் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது ஆனந்தராஜாவும் சந்திரவதனாவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அக்காவும் இருந்தார். கதிரையில் அமர்ந்து அவரை நான் பார்த்தது அன்றுதான். திரும்பிப் போகப் பார்த்த என்னை, “நில்லுங்கோ தம்பி, நீங்களும் கேளுங்கோ” என்று மறித்தார்.

“ராசா, நான் தைப்பிங்குக்குப் போகப் போறன்.”

ஆனந்தராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சாப்பாட்டுக் கையை உதறினார். “அக்கா, என்ன விசர்க் கதை? இந்த வயசில சனம் என்ன சொல்லும்? கோயில்ல நான் ஆரின்ர முகத்தைப் பாக்கிறது?”

“என்ர வயசு எனக்குத் தெரியும். அதாலதான் கேக்கேல்லை. சொல்லுறன்.”

“உங்களுக்கு நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள்?”

“ஒரு குறையும் இல்லை, அப்பன். நீ கூப்பிட்டிராட்டி நான் அந்த வீட்டில ஒத்தையில செத்திருப்பன். பிள்ளையள் ரெண்டையும் தந்தாய். நல்லா வளந்திட்டுதுகள். இனி எனக்கு ஒரு வேலை இருக்கு.”

ஆனந்தராஜா மனைவியைப் பார்த்தார், துணைக்கு வரச் சொல்வது போல. சந்திரவதனா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “பன்னிரண்டு வருசமா நான் இந்த வீட்டில ஒரு சூப் வைச்சதில்லை. அடுப்பு எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் எண்டும் எனக்குத் தெரியாது. மச்சாள், நீங்கள் போங்கோ. போக முதல் எனக்கு ஒருக்கால் காட்டித் தாங்கோ.”

ஆனந்தராஜா எழுந்து கைகழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அக்காவைப் பார்க்காமல், “அங்க போய்ச் சேர்ந்ததும் உடன ரெலிபோன் எடுக்கோணும்” என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது சம்மதமா, தோல்வியா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

தர்மலிங்கத்துக்கு அக்கா என்ன எழுதினார் என்று நான் அறியேன். பத்தாம் நாள் தந்தி போல ஒரு சிறு கடிதம் வந்தது என்று மட்டும் தெரியும். அதை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார். மோரீன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். சனிக்கிழமை சந்திரவதனா ஏப்ரனோடு அடுப்படியில் நின்றார். வேலிக்கு மேலால் வந்த கோப்பையில் உப்புக் கொஞ்சம் கூட. நாங்கள் மிச்சமில்லாமல் குடித்து முடித்தோம்.

நேற்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ரூட்டிங்கில் உள்ள பயண முகவர் கொடுத்த பதிவுத் தாள் கையில் இருந்தது. மேசையில் விரித்து, “இதை ஒருக்கால் நிரப்பித் தாங்கோ, தம்பி. இங்கிலீசில கேட்டிருக்கிறான்” என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். பெயர். பிறந்த தேதி. கடவுச்சீட்டு இலக்கம். எந்த விமான நிலையத்திலிருந்து, எந்த விமான நிலையத்துக்கு. புறப்படும் தேதியைக் கேட்டேன். “கார்த்திகை ஒன்பது” என்றார். எங்கள் பக்கத்தில் கார்த்திகை என்றால் நவம்பர்; நவம்பர் ஒன்பது என்று எழுதினேன். அடுத்த கட்டம் திரும்பும் தேதி.

“திரும்பி வாறது எப்ப, அக்கா?”

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை மெதுவாக உருவி, மூடியைப் போட்டு, என் சட்டைப் பையில் செருகிவிட்டார்.